படிப்பகத்தின் சாவி

(புதுவண்ணாரப்பேட்டையில் ஒரு ஞாயிறு மாலை நடந்த தெருக்கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

பெரியவர்களே, தாய்மார்களே, பின்னால் வண்டி மேல் உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

தேர்தல் வரப்போகிறது என்கிறார்கள். சீக்கிரமே வரும் என்று சிலர், அதெல்லாம் வராது என்று சிலர். மேலிடத்தில் என்ன முடிவெடுப்பார்களோ எனக்குத் தெரியாது. ஆனால் நம் தெருமுனையில் போன கோடையில் ஒரு நீர்மோர்ப் பந்தல் இருந்தது, இப்போது நாலு இருக்கிறது. போன வாரம் ஒருவர் என்னை நிறுத்தி, "டீச்சரம்மா, முட்டி வலி எப்படி இருக்கு?" என்று விசாரித்தார். மூன்று வருஷமாக இதே முட்டியோடுதான் அவர் வீட்டு வாசலைத் தாண்டி நடக்கிறேன். அதனால் தேர்தல் கிட்டத்தில்தான் இருக்க வேண்டும். முன்கூட்டியே வருவதும் நமக்குப் புதிதில்லை. 1971இல் ஓராண்டு மிச்சம் இருக்கும்போதே சட்டமன்றத்தைக் கலைத்து, நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்த்து நடத்திய மாநிலம் இது.

கட்சிகள் மேல் மக்களுக்கு ஏன் இவ்வளவு வெறுப்பு என்று பேசச் சொன்னார்கள். நான் புத்தகத்தைத் தேடிப் போகவில்லை. காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போன இடத்தில், எனக்கு வழக்கமாக மீன் கொடுக்கும் அம்மாவிடம் கேட்டேன். "யாருக்குப் போட்டா இன்னா டீச்சர், அல்லாம் ஒண்ணுதான்" என்றார், கையில் வஞ்சிரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே. சரி, போன தடவை ஓட்டுப் போட்டாயா என்றேன். "போடாம? காலைலயே போயி போட்டுட்டுத்தான் கடைக்கு வந்தேன்" என்றார்.

இந்த இரண்டு பதிலையும் சேர்த்துப் பாருங்கள். எல்லாம் ஒன்றுதான் என்கிறார், ஆனால் முதல் ஆளாய்ப் போய் வரிசையில் நிற்கிறார். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் மாநிலம் முழுக்க 70 சதவீதத்தை ஒட்டி வாக்குப் பதிவானது. தென்சென்னையிலும் மத்திய சென்னையிலும் சுமார் 54தான். நம் வடசென்னையில் 60ஐத் தொட்டது. அனல்மின் நிலையச் சாம்பல் நம் மொட்டைமாடியில், குப்பைமேடு நம் கொடுங்கையூரில், கன்டெய்னர் லாரி வரிசை நம் சாலையில். குறை சொல்ல அதிகக் காரணம் உள்ளவர்கள்தான் சென்னையில் அதிகமாக ஓட்டுப் போடுகிறார்கள்.

இதை நான் கண்ணாலும் பார்த்திருக்கிறேன். ஆசிரியர் வேலை என்றால் தேர்தல் வேலையும் சேர்த்துத்தான். அதிலும் சொந்தத் தொகுதியில் போட மாட்டார்கள். அதனால் எனக்குப் பல தடவை நகரத்தின் தெற்குப் பக்கம்தான் வாய்த்தது. முதல்நாள் சாயங்காலமே பெட்டியோடு போய் இறங்கி, பள்ளிக்கூட பெஞ்சில் கொசுக்கடியில் படுத்து, விடியும் முன்னே எழுந்து மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, மையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், மத்தியானம் ஒரு மணிக்கு எங்கள் சாவடியில் ஆளே இருக்காது. சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள். அங்கே இருப்பவர்களுக்கு வெறுப்பு என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் நின்றால் லாரி, கரண்ட் போனால் ஜெனரேட்டர் என்று அவர்களுக்குக் கட்சி இல்லாமலே காரியம் நடக்கிறது. நமக்கு அப்படி இல்லை. அதனால்தான் திட்டிக்கொண்டே போய் நிற்கிறோம்.

நம் ஆட்கள் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. "அல்லாம் ஒண்ணுதான்" என்பது பார்த்துச் சொல்வது. 2017 ஜனவரியில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் கரையெல்லாம் அப்பியது. இளைஞர்கள் வாளி வாளியாய் அள்ளினார்கள். அப்போது ஒரு ஆட்சி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்துக்குள் வந்தது. அப்போது இன்னொரு ஆட்சி. மீனவர்கள் படகில் போய் மக்கால் மொண்டார்கள், வெறுங்கையால் அள்ளினார்கள். நடுவில் ஏழு வருஷம். ஆட்சி மாறியது, வாளி போய் மக்கு வந்தது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பம் பக்கம் ஓர் உரத் தொழிற்சாலையின் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, நடு இரவில் ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இதையெல்லாம் பார்த்தவர்களிடம் போய், எல்லாக் கட்சியும் ஒன்றில்லை அம்மா, கொள்கை வேறு என்று நான் எப்படி வகுப்பெடுப்பது? நம் ஆர்.கே.நகர் தொகுதி முதலமைச்சரின் தொகுதியாகவே இருந்திருக்கிறது. 2015 டிசம்பர் மழைத் தண்ணீருக்கு அது தெரியாமல் போய்விட்டது.

நியாயமாகவும் பேச வேண்டும். மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்தது. என் முட்டிக்கு அது பெரிய உபகாரம். ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்கிறவர் பேச்சை நானும் நம்ப மாட்டேன். என் மனக்குறை வேறு இடத்தில் இருக்கிறது.

இந்தக் கூட்டத்தை ஏன் தெருவில் வைத்திருக்கிறோம் தெரியுமா? முனையில் இருக்கிற பழைய கட்சிப் படிப்பகத்தில் வைக்கலாம் என்றுதான் தம்பிகள் முதலில் நினைத்தார்கள். பூட்டியிருக்கிறது. கொடி புதிதாய் இருக்கிறது, பூட்டு துருப்பிடித்திருக்கிறது. சாவி யாரிடம் என்று மூன்று பேரைக் கேட்டோம், மூன்று பேரும் இன்னொருவரைக் கைகாட்டினார்கள்.

என் அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அவருக்கு உலகம் தெரிந்தது அந்தப் படிப்பகத்தில்தான். ஒருவர் பேப்பரைச் சத்தமாக வாசிக்க, பத்துப் பேர் கேட்பார்கள். வாசித்து முடித்ததும் சண்டை ஆரம்பிக்கும். இந்த மண்ணில் கட்சி என்பது அப்படித்தான் முளைத்தது. 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கினார்கள், வாடியாவும் திரு.வி.க.வும் கூட நின்றார்கள். 1949 செப்டம்பரில் இங்கிருந்து நடந்தே போகிற தூரத்தில், ராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டுகிற மழையில் ஒரு புதுக் கட்சி தன் முதல் பொதுக்கூட்டத்தை நடத்தியது. நனைந்துகொண்டு நின்றவர்கள் நம் தாத்தாக்கள்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லிவிடாதீர்கள். படிப்பகத்துக்குள் பெண்பிள்ளைகள் போக முடியாது. நான் அரசியல் கற்றது எதிர்த்தாற்போல இருந்த தெருக்குழாயில், குடம் நிரம்பிய பிறகும் வழியவிட்டு நின்று காதைக் கொடுத்துத்தான். அதற்காக வீட்டில் அடியும் வாங்கியிருக்கிறேன்.

1967 தேர்தல் நடந்தபோது எனக்குப் பத்து வயது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பதுதான் தெருவெல்லாம் பேச்சு. "மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்று சொல்லித்தான் மழையில் கூட்டம் போட்ட அந்தக் கட்சிக்காரர்கள் ஓட்டுக் கேட்டார்கள். ஜெயித்தார்கள். காமராஜரே விருதுநகரில் தோற்றார் என்றால் பாருங்கள். அப்புறம் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட்டார்கள். அம்மா பையோடு வரிசையில் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. அன்று சாயங்காலம் படிப்பகத்தில் நடந்ததும் நினைவிருக்கிறது. யாரோ ஒருவர், "மிச்சம் ரெண்டு படி எங்கப்பா?" என்று கிளைச் செயலாளரைக் கேட்டார். அவர் அரை மணி நேரம் ஏதேதோ கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கு யாருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. ஆனால் அவர் ஓடிவிடவில்லை. ஓடவும் முடியாது, ஏனென்றால் அவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து ஆறாவது வீடு. மறுநாள் அதே குழாயில்தான் அவர் மனைவியும் தண்ணீர் பிடிக்க வேண்டும்.

சொன்னதில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது, அப்போதும் ஜனங்கள் இவ்வளவு கசந்து போகவில்லை. கேட்க ஓர் ஆள் இருந்தான். இப்போது தேர்தல் அறிக்கையில் 500க்கும் மேல் வாக்குறுதிகள் அச்சடிக்கிறார்கள். பணம் எங்கிருந்து வரும் என்பதையும் கோடிட்டுக் காட்ட வேண்டும் என்று தேர்தல் ஆணையத்தின் நெறிமுறையே சொல்கிறது. ஒரு வாக்குறுதியைப் பற்றிக் கேட்க நம் தெருவில் ஆள் உண்டா? கட்சிக்குக் கிளை இருக்கிறது, வட்டம் இருக்கிறது, பகுதி இருக்கிறது. கேள்வி மேலே போகிற குழாய் அடைத்துக்கொண்டது. மேலிருந்து வேட்டி சேலை, பேனர், துண்டு, அப்புறம் உங்களுக்கே தெரியும், கவர், இதெல்லாம் கீழே வருகிற குழாய் மட்டும் நன்றாக வேலை செய்கிறது.

கவர் என்றதும் சிலர் தலையைக் குனிகிறீர்கள். எனக்கும் அந்த வெட்கம் உண்டு. 2017 ஏப்ரலில், பணப் பட்டுவாடா நடக்கிறதென்று நம் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலைத் தேர்தல் ஆணையமே ரத்து செய்தது. அந்த மாதம் மயிலாப்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். நான் எந்தத் தொகுதி என்று தெரிந்ததும், "அப்போ உங்களுக்கு எவ்வளவு வந்தது?" என்று ஒரு சொந்தக்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்குப் பாயசம் இறங்கவில்லை. ஆனால் ஒன்று, வாங்குகிறவரைப் பற்றித்தான் ஊர் சிரிக்கிறது. வேட்பாளர் சட்டமன்றத் தேர்தலில் 40 லட்சத்துக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கும் சட்டம், கட்சியின் செலவுக்கு வரம்பே வைக்கவில்லை. இதைக் கேட்டு யாரும் சிரிக்கக் காணோம்.

அதே இடைத்தேர்தல் டிசம்பரில் நடந்தது. 77 சதவீதத்துக்கும் மேல் பதிவு. குக்கர் சின்னத்தில் ஒரு சுயேச்சை ஜெயித்தார். யாருமே வேண்டாம் என்கிற நோட்டாவுக்கு 2,373 ஓட்டு. ஒரு தேசியக் கட்சி அதைவிடக் குறைவாக வாங்கியது. இந்தத் தடவை நோட்டாதான் என்று தம்பிகள் சொல்கிறீர்களே, அந்த 2,373ஐ யோசித்துப் பாருங்கள். அத்தனை பேர் கோபத்தோடு பொத்தானை அமுக்கினார்கள். நோட்டா முதலிடத்துக்கே வந்தாலும் சட்டப்படி அடுத்து நிற்கிறவர்தான் ஜெயித்தவர்.

நோட்டா 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வந்தது. அதற்கு முன்னால் 49ஓ என்று ஒரு விதி. 2011 தேர்தலில் அடையாறு பக்கம் ஒரு சாவடியில் இருந்தேன். கைத்தடியோடு ஒரு பெரியவர் வந்தார். மை வைத்தாயிற்று, பதிவேட்டில் கையெழுத்தும் போட்டாயிற்று. அப்புறம் நின்று, "எனக்கு ஒருத்தரும் வேண்டாம், அதை எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். கட்சி ஏஜென்ட்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் அதிகாரி புத்தகத்தைப் புரட்டி, குறிப்பு எழுதி, அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்து வாங்கினார். கை நடுங்கியதால் பெரியவருக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. பத்துப் பேர் பார்க்கத் தன் வெறுப்பைக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். இப்போது யாருக்கும் தெரியாமல் ஒரு பொத்தான். ரகசியம் காக்கப்படுகிறது, நல்லதுதான். ஆனால் அன்றைக்குத் திரும்பிப் பார்த்த ஏஜென்ட்கள் இப்போது பார்ப்பதில்லை.

ஓட்டே போடாமல் இருப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கணக்கு வாத்தியாரம்மா பாஷையில் சொல்கிறேன். நூறு பேர் இருக்கிற தெருவில் அறுபது பேர் வந்து, நாலு முனைப் போட்டி என்றால், ஜெயிக்க இருபத்தைந்து போதும். கட்சிக்கு நிச்சயமான பத்துப் பேர் ஏற்கெனவே இருப்பார்கள். மீதிக்குத்தான் கவர். நீங்கள் கோபித்துக்கொண்டு வீட்டில் படுத்தால் அவர்களுக்குக் கவர் செலவு மிச்சம்.

இங்கிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பங்கள் சில வந்திருக்கிறீர்கள். ஓட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முகவரி மாற்ற படிவம் 8, பேரே இல்லையென்றால் படிவம் 6. மேஜை மேல் வைத்திருக்கிறேன். போகும்போது எழுதிக்கொடுத்துவிட்டுப் போங்கள், பேனாவும் இருக்கிறது.

அப்புறம் ஒரு விஷயம். மாநகராட்சியில் பகுதி சபா என்று ஒன்று இருக்கிறது. 2022இல் விதிகள் வந்தன. கிராமசபை மாதிரி, நம் வார்டின் ஒவ்வொரு பகுதிக்கும் கூட்டம். பலருக்குத் தெரியாது, தெரியப்படுத்தவும் யாருக்கும் அவசரமில்லை. நான் முதல் தடவை போனபோது என்னையும் சேர்த்துப் பதினோரு பேர். அதில் நாலு பேர் டீ கொடுக்க வந்தவர்கள். கழிவுநீர் பம்ப் மழை வந்தால் ஏன் நின்றுபோகிறது என்று கேட்டேன். நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அடுத்த கூட்டத்தில் போய், "போன தடவை எழுதினீங்களே, அந்தப் பக்கத்தைக் காட்டுங்க" என்றேன். நோட்டு மாறிவிட்டதாம். பழைய நோட்டைத் தேடி எடுக்க இருபது நிமிஷம். எல்லாரும் உட்கார்ந்து காத்திருந்தோம். நாற்பது வருஷம் வீட்டுப்பாட நோட்டு திருத்தினவளுக்கு இருபது நிமிஷம் பெரிதில்லை.

பம்ப் இன்னும் சரியாகவில்லை. ஆனால் போன கூட்டத்தில் முப்பது பேர் இருந்தோம், நோட்டும் தயாராக இருந்தது. கட்சிக்காரர் ஒருவர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார், யாரும் கூப்பிடாமல் அவராகவே வந்தவர். வெளியே வரும்போது அவரைப் பிடித்துப் படிப்பகத்தின் சாவி யாரிடம் என்று கேட்டேன். விசாரித்துச் சொல்கிறேன் டீச்சர் என்றார். வியாழக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன், கூட வருகிறவர்கள் பேர் கொடுங்கள்.