காய்ச்சல் போன பிறகும் போகாத களைப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

"கொரோனா வந்து போய் நாலு மாசம் ஆச்சு டாக்டர். தலைக்குக் குளிச்சுட்டு வந்தா, துண்டைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே கட்டில்ல உட்கார்ந்துடறேன். துவட்டக் கையைத் தூக்க முடியல." இப்படிச் சொன்ன பெண்ணுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஈ.சி.ஜி. எல்லாம் நார்மல். அப்புறம் என்ன, மனதைத் திடமாக வைத்துக்கொள் என்று வீட்டில் சொன்னார்களாம். அதைச் சொல்லும்போதுதான் அவருக்குக் கண் கலங்கியது.

ரிப்போர்ட் நார்மல் என்றால், அந்தப் பரிசோதனையில் தேடிய கோளாறு இல்லை என்று மட்டும்தான் பொருள். கொரோனா போன பிறகும் மாதக்கணக்கில் தொல்லை நீடிப்பதை லாங் கோவிட் என்கிறோமே, அதை உறுதிசெய்யத் தனி ரத்தப் பரிசோதனையே கிடையாது. அந்தப் பெயரைக்கூட 2020-இல் அவதிப்பட்டவர்களேதான் வைத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் அதற்கு வரையறை தந்தது 2021 அக்டோபரில்.

ஃப்ளூ போன்ற மற்ற வைரஸ் காய்ச்சல்களுக்குப் பிறகும் சிலருக்கு உடம்பு தேற நாளாகும். வறட்டு இருமல் 3 முதல் 8 வாரம் வரை இழுப்பது சாதாரணம். பெரும்பாலும் தானாக அடங்கும். அதற்காக ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்காதீர்கள்.

களைப்பு அப்படியல்ல. அந்தப் பெண் ஒருநாள், இன்று தெம்பாக இருக்கிறதே என்று வீடு முழுக்கப் பெருக்கித் துடைத்து, அலமாரியையும் ஒழித்து வைத்திருக்கிறார். அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் சாயங்காலம் படுத்தவர், எழுந்து நடமாட ஐந்து நாளானது. சிரமப்பட்ட உடனே வராமல், ஒன்றிரண்டு நாள் கழித்து ஆளைச் சாய்ப்பதுதான் இந்தக் களைப்பின் குணம். அதனால்தான் காரணமும் புரிவதில்லை, சோம்பேறி என்ற பேரும் வந்துவிடுகிறது. நடந்தால் சரியாகிவிடும் என்று இவர்களை விரட்டினால் இன்னும் மோசமாகும். தெம்பு மிச்சம் இருக்கும்போதே வேலையை நிறுத்திவிட வேண்டும். சுறுசுறுப்பாகவே வாழ்ந்தவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

எழுந்து நின்றால் நெஞ்சு படபடக்கிறதா? படுத்தபடி ஒரு நிமிடம் நாடித்துடிப்பை எண்ணுங்கள். எழுந்து நின்று 10 நிமிடத்துக்குள் திரும்ப எண்ணுங்கள். 30-க்கு மேல் கூடி, குறையாமலே இருந்தால் அந்த எண்களை எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். படுக்க வைத்து எடுக்கும் ஈ.சி.ஜி.யில் இது பிடிபடாமல் போகலாம்.

நெஞ்சுவலி, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், சளியில் ரத்தம், ஒரு கால் மட்டும் வீங்குவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அந்தப் பெண் இப்போது ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கிறார். அரை நாள்தான் வேலைக்குப் போகிறார். போன வாரம் வந்தபோது, தலையைத் தானே துவட்டிக்கொண்டதாகச் சொன்னார்.

நன்றி, வணக்கம்.