சாவித்திரிபாய் புலேயை வீராங்கனை என்று சொல்வது மிகையா?

வணக்கம். இன்றைக்கு ஒரு நேயரின் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். "சாவித்திரிபாய் புலே பெண்களுக்குப் பள்ளி நடத்தினார், நல்ல காரியம்தான். ஆனால் நீங்கள் அவரை வீராங்கனை என்கிறீர்கள். அவர் வாள் எடுத்தாரா, சிறைக்குப் போனாரா? கணவர் ஜோதிராவ் செய்த வேலையில் துணை நின்றவர் என்று சொன்னால் போதாதா?" இதுதான் கேள்வி.

கேட்டது நல்லது. 'முதல் பெண் ஆசிரியர்' என்ற ஒரு வரியோடு அவரைப் பற்றிய பேச்சை நாம் பெரும்பாலும் முடித்துவிடுகிறோம். அந்த ஒரு வரியை மட்டும் கேட்டவருக்கு இந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

முதலில் துணை என்ற விஷயத்துக்கு வருகிறேன். 1831-இல் மகாராஷ்டிரத்தில் சாத்தாரா பக்கம் நைகாவ் கிராமத்தில் பிறந்தவர் சாவித்திரிபாய். ஒன்பது வயதில் கல்யாணம். அப்போது அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கற்றுக்கொடுத்தவர் ஜோதிராவ்தான். அந்தக் காலத்தில் மனைவிக்கு எழுத்து சொல்லிக்கொடுத்த கணவரின் பெருமையை யாரும் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1848-இல் புனேவில் பிடே வாடா என்ற வீட்டில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி திறந்தபோது, தினமும் தெருவில் இறங்கி அங்கே நடந்து போனவர் சாவித்திரிபாய். அவருக்குப் பதினேழு வயது. பெண் படித்தால் குடும்பம் கெட்டுவிடும் என்று நம்பிய ஊர். அவர் போகும் வழியில் சேற்றையும் சாணியையும் அள்ளி வீசினார்கள். பையில் இன்னொரு புடவை வைத்துக்கொண்டு போவார். பள்ளிக்குப் போனதும் மாற்றிக்கொண்டு பாடம் நடத்துவார். திரும்பும்போது மறுபடியும் அந்த அழுக்குப் புடவையைக் கட்டிக்கொள்வார்.

இந்த மாற்றுப் புடவையைத்தான் நான் அடிக்கடி நினைப்பேன். எதிர்பாராமல் ஒரு நாள் சாணி விழுந்தால் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே, இன்றைக்கும் விழும் என்று தெரிந்து ஒரு புடவையை மடித்து வைக்கிறார் பாருங்கள், அந்த மனசு சாதாரணமானதல்ல. அடுத்த ஆண்டே, இந்தப் பள்ளிக்கூட வேலையால் மாமனார் வீட்டை விட்டு இருவரும் வெளியேற வேண்டி வந்தது.

சரி, அப்போதாவது கணவர் பக்கத்தில் இருந்தார். அவர் பக்கத்தில் இல்லாத ஒரு நாளைப் பார்ப்போம். உடம்பு சரியில்லாமல் போனால் சாவித்திரிபாய் ஓய்வுக்குப் பிறந்த ஊரான நைகாவ் போவார். அங்கிருந்து கணவருக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. 1856-இல் எழுதிய கடிதத்தில், தாழ்த்தப்பட்டவர்களுக்கு உழைப்பது குலத்துக்கு இழுக்கு என்று சொன்ன சொந்தத் தம்பியோடு வாதாடியதை எழுதுகிறார். நாகபஞ்சமிக்குப் பாம்புக்குப் பால் வார்க்கிறாய், மனிதனைத் தொட மாட்டேன் என்கிறாயே என்று கேட்டிருக்கிறார். புனேவில் தனியாகப் பள்ளிச் சுமையைத் தாங்கும் சக ஆசிரியை பாத்திமாவைப் பற்றிய கவலையும் அந்தக் கடிதத்தில் உண்டு.

1868 ஆகஸ்டில் எழுதிய கடிதம்தான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். கணேஷ் என்ற பிராமண இளைஞர், ஊர் ஊராகப் போய்ச் சடங்கு செய்து, பலன் சொல்லிப் பிழைப்பவர். அவருக்கும் சார்ஜா என்ற, தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மகார் சமூகத்துப் பெண்ணுக்கும் காதல். அந்தப் பெண் ஆறு மாதக் கர்ப்பம். ஊரார் இருவரையும் பிடித்து, தெருத் தெருவாக அடித்து இழுத்துக்கொண்டு, கொல்லப் போவதாகக் கத்திக்கொண்டு போகிறார்கள். செய்தி காதில் விழுந்ததும் சாவித்திரிபாய் ஓடிப்போய் அந்தக் கும்பலுக்கு முன்னால் நிற்கிறார். கொலை செய்தால் ஆங்கிலேயர் சட்டம் உங்களைச் சும்மா விடாது என்று எச்சரிக்கிறார். கும்பல் தயங்குகிறது. கடைசியில், இரண்டு பேரும் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்று சொல்லி உயிரோடு விடுகிறார்கள். அந்த இருவரையும் புனேவுக்கு, ஜோதிராவிடம் அனுப்பி வைக்கிறார்.

கொலைவெறியில் இருக்கும் கூட்டத்தின் நடுவே, கையில் எதுவும் இல்லாமல், ஒரு பெண் போய் நிற்கிறார். வாள் எடுத்தாரா என்று கேட்டீர்கள். இதற்கு வாள் எடுப்பதைவிடக் கூடுதல் துணிச்சல் வேண்டும் என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏமாற்றப்பட்டுக் கர்ப்பமான விதவைகள் சிசுவைக் கொல்லவோ தாங்களே சாகவோ தள்ளப்பட்ட காலம் அது. அவர்கள் பாதுகாப்பாகப் பிள்ளை பெற்றுக்கொள்ள இந்தத் தம்பதி ஓர் இல்லம் நடத்தினார்கள். அப்படி வந்த ஒரு பிராமண விதவையின் மகனைத்தான் தத்தெடுத்து யஷ்வந்த் என்று பெயர் வைத்து வளர்த்தார்கள்.

1890 நவம்பர் 28-இல் ஜோதிராவ் இறந்துவிட்டார். இறுதி ஊர்வலத்தில் கொள்ளிச் சட்டியைத் தூக்கி முன்னால் போகிறவருக்குத்தான் வாரிசு உரிமை என்பது அங்கே வழக்கம். தத்துப்பிள்ளை யஷ்வந்த் தூக்கக் கூடாது என்று உறவினர்கள் மறித்தார்கள். பிணம் வாசலில் கிடக்க, தகராறு. சாவித்திரிபாய் வந்தார். சட்டியைத் தானே கையில் எடுத்தார். ஊர்வலத்துக்கு முன்னால் நடந்து போய்ச் சிதைக்குத் தீ வைத்தார். கணவன் செத்தால் தலையை மழித்து மூலையில் உட்கார வைக்கும் காலத்தில், விதவையான அன்றைக்கே ஒரு பெண் அதைச் செய்கிறார். அந்தக் காட்சியைக் கண்ணை மூடி ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள், எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

கணவரோடு முடிந்துபோகிற துணையாக மட்டும் இருந்திருந்தால் அதற்கப்புறம் வீட்டுக்குள் ஒதுங்கியிருப்பார். ஆனால் 1893-இல் புனே பக்கம் சாஸ்வடில், ஜோதிராவ் தொடங்கிய சாதி எதிர்ப்பு அமைப்பான சத்திய சோதக் சமாஜம் நடத்திய மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான்.

அப்புறம் புனேவுக்குப் பிளேக் வந்தது. மருத்துவரான யஷ்வந்தை வரவழைத்து ஊருக்கு வெளியே சிகிச்சைக்கு இடம் ஏற்பாடு செய்தார். முண்ட்வாவில் தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பில் ஒரு சிறுவனுக்குப் பிளேக் என்று தெரிந்ததும் அங்கே போனார். அவனைத் தன் முதுகில் சுமந்துகொண்டு மருத்துவமனைக்கு வந்தார். அவருக்கு அப்போது 66 வயது. அந்த நோய் அவரையும் பிடித்தது. 1897 மார்ச் 10-இல் இறந்துபோனார்.