திட்டுற மாதிரி ஒரு விளம்பரம், ஏத்திவிடுற மாதிரி ஒரு வேலை

ஒரு நேயர் கேட்டிருக்காங்க: "டெமாக்ரட் கட்சி காசு போட்டு ரிபப்ளிகன் வேட்பாளரைத் திட்டினா அவருக்கு ஓட்டு குறையணும்தானே? எப்படிங்க கூடும்?" ரொம்ப நல்ல கேள்வி. மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது.

அமெரிக்காவோட மிசௌரி மாநிலம், 2012. டெமாக்ரட் செனட்டர் கிளேர் மெக்காஸ்கில். அவங்களை எதிர்க்கப்போறது யாருன்னு முடிவு பண்ற ரிபப்ளிகன் பிரைமரியில, அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற தேர்தல்ல, முக்கியமா 3 பேர். அதுல டாட் ஏக்கின் வந்தாத்தான் நமக்கு லேசுன்னு கணக்குப் போட்டு, சுமார் 17 லட்சம் டாலரை இறக்கினாங்க. விளம்பரம் என்ன சொல்லுச்சு? இவர் மிசௌரியோட அசல் கன்சர்வேடிவ் (பழமைவாதி), ஆனா அளவுக்கு மீறின கன்சர்வேடிவ். அந்த 'அளவுக்கு மீறின'ங்கிறதைக் கவனிங்க. நடுவுல நிக்கிற வாக்காளருக்கு அது குறை. ஆகஸ்ட் வெயில்ல பிரைமரிக்கு வந்து நிக்கிறவங்களோ கட்சியில ஊறினவங்க. அவங்களுக்கு அது நற்சான்றிதழ். இன்னொண்ணு, இந்த விளம்பரத்துக்கு ஒப்புதல் தர்றேன்னு வேட்பாளர் தன் வாயால சொல்லணும்னு சட்டம் இருக்கு. மெக்காஸ்கில் குரல்ல அதைக் கேட்டதும், "அவங்களுக்கு ஆகாதவரா? அப்ப நம்ம ஆளுதான்!"

நிஜமா வீழ்த்த நினைச்சா சொந்தக் கட்சிக்காரங்களே முகம் சுளிக்கிற விஷயத்தை எடுப்பாங்க, வரியைக் கூட்ட ஓட்டுப் போட்டார்ங்கிற மாதிரி. ஏத்திவிடுற விளம்பரத்துல அது இருக்காது. அடையாளம் கண்டுபிடிக்க இதுதான் வழி.

ஏக்கின் வாங்கினது 36 சதவீதம். மத்த ரெண்டு பேரும் 30, 29. வெறும் 36. மிசௌரியில ரெண்டாம் சுற்று கிடையாது, அதிக ஓட்டு வாங்கினவர் ஜெயிச்சுருவார். ஜார்ஜியா மாதிரி பாதிக்கு மேல வாங்கியே ஆகணும்னு இருந்தா இந்த வித்தை இவ்வளவு சுலபமா பலிக்காது. ஓட்டு மூணாப் பிரியுற இடத்துலதான் வெளிக்காசு பேசும். பிரைமரி முடிஞ்ச 12 நாள்ல, பலாத்காரமும் கர்ப்பமும் பத்தி ஏக்கின் பேசின பேச்சு அவரைக் கவுத்துருச்சு. நவம்பர்ல மெக்காஸ்கில் சுமார் 16 புள்ளி வித்தியாசத்துல ஜெயிச்சாங்க.

ஆனா நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேற: யாரைப் பலி கொடுத்து? 2022, மிச்சிகன். ட்ரம்ப் மேல பதவிநீக்கத் தீர்மானம் வந்தப்ப ஆதரிச்சு ஓட்டுப் போட்ட 10 ரிபப்ளிகன் எம்.பி.க்கள்ல பீட்டர் மையர் ஒருத்தர். பிரைமரியில அவரை எதிர்த்த ஜான் கிப்ஸை 'ட்ரம்ப்பே தேர்ந்தெடுத்தவர்'னு 4 லட்சம் டாலருக்கு மேல செலவு பண்ணி விளம்பரப்படுத்தினது டெமாக்ரட்களோட பிரசாரக் குழு. மையர் 4 புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்துல தோத்தார். நவம்பர்ல அந்த இடம் டெமாக்ரட் ஹிலரி ஷோல்டனுக்கு. கணக்கு பலிச்சுது, ஆனாலும் இதை என்னால ஏத்துக்க முடியலைங்க. ட்ரம்ப் ஜனநாயகத்துக்கு ஆபத்துன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, அதுக்காக சொந்தக் கட்சியையே எதிர்த்து நின்னவரையா சாய்க்கிறது? அந்த 10 பேர்ல அடுத்த தேர்தலுக்கு அப்புறம் காங்கிரசுக்கு (அமெரிக்க நாடாளுமன்றம்) திரும்பினது 2 பேர்தான், டான் நியூஹவுஸும் டேவிட் வலடேயோவும். கலிஃபோர்னியாவுல வலடேயோகிட்டயும் டெமாக்ரட் தரப்பு இதே வேலையைக் காட்டிப் பார்த்துச்சு. அங்க நடக்கலை.