கும்பிட்ட கையின் நிழல்

அனைவருக்கும் வணக்கம். விளக்கைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். சரி, இப்போது தெளிவாகத் தெரிகிறது.

திரையில் இருப்பது டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் 1648 வாக்கில் முடித்த அச்சுப்படம். நடுவில் இயேசு, சுற்றிலும் மக்கள் கூட்டம். நேரில் பார்த்தால் சிறியதுதான்; அகலம் ஏறக்குறைய 39 செ.மீ., உயரம் 28 செ.மீ. செப்புத் தகட்டின் மெழுகுப் பூச்சில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, அப்புறம் வெறும் ஊசியாலும் உளியாலும் தகட்டிலேயே இழுத்துச் செய்த வேலை. ஒரு பிரதி நூறு கில்டருக்கு, அதாவது அன்றைய டச்சு நாணயத்தில், விலை போனது என்று 1654-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றிலேயே பேச்சு இருக்கிறது. 'நூறு கில்டர் படம்' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

பரோக் காலத்துப் படம், அதாவது பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பியப் படம், என்றதும் குறியீட்டு அகராதியைத் தேடுகிறோம். அப்படி அகராதிகள் நிஜமாகவே இருந்தன. எந்த உருவத்தின் கையில் எந்தப் பொருள் இருக்க வேண்டும், அதற்கு என்ன அர்த்தம் என்று இத்தாலியரான சேசரே ரிப்பா தொகுத்த நூல் 1644-இல் ஆம்ஸ்டர்டாமிலேயே டச்சு மொழியில் வந்தது. ரெம்ப்ராண்ட் குடியிருந்த ஊர் அது. ஆனால் இந்தப் படத்தில் குறியீடு என்று விரல் வைத்துக் காட்ட ஒரு ஒட்டகம்தான் அகப்படுகிறது. வலது ஓரத்து வாசலில் நிற்கிறது பாருங்கள். பணக்காரன் கடவுளின் ராஜ்யத்தில் நுழைவதைவிட ஊசியின் காதில் ஒட்டகம் நுழைவது எளிது என்று இயேசு சொன்னது பைபிளில் மத்தேயு 19-ஆம் அதிகாரத்தில் வருகிறது. அந்த அதிகாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதையெல்லாம் ரெம்ப்ராண்ட் ஒரே கணத்தில் கூட்டி வைத்திருக்கிறார்.

கூட்டிக் கட்டுவது எது? கைகள்தான் என்பது என் வாசிப்பு.

இயேசுவுக்கு இடப்பக்கம், நமக்கு இடப்பக்கம்தான் சொல்கிறேன், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் முன்னேறி வருகிறாள். வழுக்கைத் தலையோடு நிற்கும் முதியவர், இயேசுவின் சீடர் பேதுரு என்று கொள்வது வழக்கம், அவளை மறிக்கக் கை நீட்டுகிறார். அதே பக்கம் இயேசுவின் கையும் நீள்கிறது. ஒன்று தடுக்கிற கை, இன்னொன்று வா என்கிற கை. 'அவர்களைத் தடைபண்ணாதிருங்கள்' என்று குழந்தைகளுக்காக இயேசு சொன்ன வசனத்தை எழுத வேண்டிய அவசியமே இல்லை. இயேசு பேதுருவைத் திரும்பிப் பார்த்து அதட்டவில்லை என்பதையும் கவனியுங்கள். கண்டிப்பு முழுவதும் அந்தக் கையிலேயே முடிந்துவிடுகிறது.

தாய்மார்களுக்கு நடுவே பட்டாடைக்கார வாலிபன் ஒருவன் முகத்தைக் கையில் தாங்கி உட்கார்ந்திருக்கிறான். சொத்தை விற்று ஏழைகளுக்குக் கொடு என்று இயேசு யாரிடம் சொன்னாரோ, அவன். அந்தக் கை எதையும் கொடுக்கவில்லை, எதையும் கேட்கவுமில்லை. இடது ஓரத்தில் பெரிய தொப்பிக்காரர் நமக்கு முதுகைக் காட்டி, கைகளைப் பின்னால் கட்டித் தடியைப் பிடித்து நிற்கிறார். வேடிக்கை பார்க்க வந்தவர்.

வலப்பக்கம் இருட்டு. அங்கிருந்து நோயாளிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒருவரைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். பாயில் கிடக்கிற பெண்ணுக்குக் கையைத் தூக்கவே தெம்பில்லை. இடப்பக்கத்துப் பரிசேயர்களை, இயேசுவோடு வாதாடிய யூத மதப் பிரிவினரை, ரெம்ப்ராண்ட் நாலு கோட்டில் வரைந்து வெளிச்சத்தில் விட்டுவிட்டார். இந்த ஏழைகளுக்குத்தான் கோட்டின் மேல் கோடு போட்டு உழைத்திருக்கிறார். அந்த உழைப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழும்.

இப்போது படத்தைப் பெரிதாக்குங்கள். இன்னும் கொஞ்சம். மண்டியிட்டிருக்கும் பெண் கை கூப்பியிருக்கிறாள். இயேசுவின் அங்கியைப் பாருங்கள்: அந்தக் கூப்பிய கையின் நிழல் அதன்மேல் விழுந்திருக்கிறது. இயேசுவின் தலையைச் சுற்றி ஒளிக்கதிர்கள் இருக்கின்றன. வெளிச்சம் அவரிடமிருந்து மட்டும் வந்திருந்தால் நிழல் அவளுக்குப் பின்னால் போயிருக்க வேண்டும். வெளிச்சத்தைப் பற்றி ரெம்ப்ராண்டுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. தெரிந்தேதான் இப்படிப் போட்டிருக்கிறார். அவளுடைய கை இன்னும் எட்டவில்லை. நிழல் போய்த் தொட்டுவிட்டது.