இரண்டு பக்கமும் திறந்த தோல்

அனைவருக்கும் வணக்கம்.

மேசை மேல் இருக்கிற இந்தத் தோலை உள்ளே வரும்போதே பலர் தொட்டுப் பார்த்தீர்கள். கோவைப் பக்கம் ஒரு கிராமத்தில் பழைய வீட்டைப் பிரித்தபோது பரணில் கிடைத்தது. எங்கள் கைக்கு வந்தபோது காய்ந்து விறைத்திருந்தது. கொல்லன் உலைத் துருத்தி என்றார் ஒருவர். எண்ணெய் ஊற்றி வைக்கும் தோல் பையான சித்தை என்றார் இன்னொருவர்.

துருத்தி என்றால் காற்று போகும் குழல் பொருத்த இடம் வேண்டும், இதில் இல்லை. சித்தைக்கு அடி மூடியிருக்க வேண்டும். இதுவோ இரு பக்கமும் திறந்த குழாய். அகல வாயைச் சுற்றி வரிசையாகத் துளைகள், துளை ஓரமெல்லாம் துருக்கறை. இரும்போடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். குறுகிய வாயில் கயிறு உரசிய தடம். நடுவே குறுக்காக ஆழமான ஒரு மடிப்பு. அப்புறம், ஒரே ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கிறது.

இது கவலையின் வால். கவலை என்பது மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் அமைப்பு. தெற்கே கமலை என்பார்கள், வாலைத் தும்பி என்றும் சொல்வார்கள். தண்ணீர் மொள்ளும் பெரிய இரும்பு வாளியான சாலின் அடியில் தொங்கும் தோல் குழாய் இது.

சாலைத் தூக்கும் வடம் மேல் உருளையில் ஓடும். வாலின் நுனியில் கட்டிய வால்கயிறு தொட்டி ஓரத்துக் கீழ் உருளையில் ஓடும். மாடுகள் சரிவில் இறங்க இறங்கச் சால் மேலே வரும். அதுவரை வால்கயிறு நுனியைத் தூக்கிப் பிடித்திருப்பதால், வால் மடிந்து அதன் வாய் சாலின் விளிம்பு உயரத்தில் நிற்கும்; தண்ணீர் சிந்தாது. கிணற்று வாயைத் தாண்டியதும் சால் மேல் உருளையை நோக்கி ஏறும், வால் கீழ் உருளை மேல் வழுக்கித் தொட்டிக்குள் நீளும். தண்ணீர் தானாகக் கொட்டிவிடும். நீண்ட மரத்தைத் தாழ்த்தி உயர்த்தி இறைக்கும் ஏற்றத்தில் சாலைப் பிடித்துக் கவிழ்க்க ஓர் ஆள் நிற்க வேண்டும். இங்கே அந்த வேலையை இந்தத் தோல் செய்தது. அந்த மடிப்பும் தேய்மானமும் எங்கிருந்து வந்தன என்று இப்போது தெரிகிறதா?

1932-இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. பிறகு மெல்ல மெல்லக் கிணறுகளில் மோட்டார் இறங்கியது, கவலை பரணுக்குப் போனது.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. காட்சிக்கூடங்களில் கவலையைப் பற்றி எழுதும்போது உழவரைச் சொல்கிறோம், மாட்டைச் சொல்கிறோம். தைத்தவரைச் சொல்வதில்லை. கொங்கு நாட்டில் இதைத் தைத்தவர்கள் அருந்ததியர்கள். ஊறிய தோலில் ஊசித்துளை வழியே தண்ணீர் ஒழுகாமல் தைப்பது சாதாரண வேலை இல்லை. அந்த வாலை மாட்டிய கிணற்றிலேயே இறங்கித் தண்ணீர் மொள்ள அவர்களுக்கு உரிமை இல்லாமல் இருந்தது. இதைச் சொல்லாமல் இந்தப் பொருளை அடையாளம் கண்டுவிட்டோம் என்று எப்படிச் சொல்வது?

இந்தத் தோலை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அப்படித் தைத்த ஒரு பெரியவர்தான். அவர் மடிப்பையோ துருவையோ பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தையல் மேல் கட்டைவிரலை ஓட்டினார். ஓர் இடத்தில் நிறுத்தினார். “இந்த ஒட்டு அப்புறம் போட்டது. வேற கை” என்றார்.

குனிந்து பார்த்தோம். அந்த இடத்தில் மட்டும் தைத்த தோல் வார் அகலமாக இருந்தது.

அந்த இரண்டு கைகளும் யாருடையவை என்று கேட்க, அடுத்த வாரம் அவரையும் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போகிறோம். பெயர்ச்சீட்டில் அதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறோம்.