சோப்புக்கு முன்னால் தண்ணீர்

(மும்பை மாட்டுங்காவில் தமிழன்பர்கள் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பெருந்தொற்றுக் காலத்தில் தாராவியில் எங்கள் குழு செய்த தூய்மைப் பணியைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்திருக்கிறீர்கள். உங்களில் பலர் அந்த நாட்களில் பணமாகவும் பொருளாகவும் அள்ளித் தந்தவர்கள். அந்தப் பணம் எங்கே போயிற்று, அதில் எது பயன்பட்டது, எது வீணாயிற்று என்பதை மறைக்காமல் சொல்வதே நான் உங்களுக்குச் செலுத்த வேண்டிய நன்றி.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். சுமார் இரண்டேகால் சதுர கிலோமீட்டரில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்வதாக மதிப்பிடப்படும் இடம் அது. அங்கே நோய் நுழைந்துவிட்டது என்ற செய்தியைக் கேட்ட இரவில் எங்களில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. யாருக்குப் போன் செய்தாலும் முதலில் இருமல் சத்தமும், பிறகு கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லும் அறிவிப்பும் கேட்டன. நாங்களும் அதைத்தான் கேட்டோம், அதையே நம்பினோம். திரட்டிய பணத்தில் முதல் பகுதியைக் கொண்டு நாலாயிரம் சோப்புக் கட்டிகள் வாங்கினோம்.

மூன்றாம் நாள், தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் சோப்புக் கொடுத்துக்கொண்டு வந்தோம். இரண்டு பேர் எதிரெதிரே நடந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய அகலம்தான் அந்தச் சந்துக்கு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் தோல் பதனிடும் வேலைக்கு வந்த குடும்பத்தைச் சேர்ந்த அக்கா ஒருவர் இரண்டு கட்டிகளை வாங்கி, முந்தானையில் துடைத்து, அலமாரியில் பத்திரமாக வைத்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, சோப்பு குடுத்திய, சந்தோஷம். தண்ணி நாளைக்கு விடியக்காலந்தானே வரும்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவர் வீட்டில் ஏழு பேர். வாசலில் ஒரு நீல நிற ட்ரம், உள்ளே குடிநீருக்கு மூன்று குடங்கள். விடியற்காலையில் இரண்டு மணி நேரம் வரும் தண்ணீரைப் பிடித்து வைத்தால்தான் மறுநாள் வரை சமையல், துணி, பாத்திரம், குளியல் எல்லாம். அவரிடமே ஒரு மக்கு வாங்கி, ஒரு முறை கை கழுவ எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று அளந்து பார்த்தோம். ஒரு கையால் மக்கைச் சாய்த்து மறு கையை நனைத்து, நுரை வரத் தேய்த்து, மாற்றி மாற்றி அலசி முடிக்க முக்கால் லிட்டர் ஆயிற்று. ஏழு பேர் நாளுக்கு எட்டு முறை கழுவினால் 42 லிட்டர். குடிசைப் பகுதியில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 45 லிட்டர் என்றும், அடுக்குமாடியில் இருப்பவருக்கு 135 லிட்டர் என்றும் கணக்கு வைத்தே மும்பை மாநகராட்சி நெடுங்காலம் தண்ணீர் வழங்கி வந்திருக்கிறது. அப்படியானால் அறிவிப்பில் சொன்னபடி எல்லோரும் கை கழுவினால், அந்த வீட்டில் ஒருவருடைய அன்றைய பங்கு ஏறக்குறைய முழுவதும் கையிலேயே கரைந்துவிடும். இந்தக் கணக்கைப் போடாமல் நாலாயிரம் சோப்பு வாங்கியது எங்கள் தவறு. இதை உங்கள் முன் ஒப்புக்கொள்கிறேன்.

சோப்பு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. இந்த வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய உறை இருக்கிறது, சோப்பு அதைக் கரைத்து வைரஸைச் செயலிழக்கச் செய்கிறது என்பது உறுதியான அறிவியல். ஆனால் சோப்பு வேலை செய்யத் தண்ணீர் வேண்டும். சானிடைசருக்குத் தண்ணீர் வேண்டாமே என்று அடுத்து அதன் பக்கம் போனோம். விலை மும்மடங்காக இருந்த நேரம் அது. ஒரு வியாபாரி தந்த சரக்கில் பாதி, கையில் விட்டால் காயவே காயாத வாசனைத் தண்ணீராக இருந்தது. அந்த வழியையும் விட்டோம்.

பிறகுதான் வேலையைச் சரியான முனையிலிருந்து தொடங்கினோம். தாராவியில் பத்தில் எட்டுப் பேர் பொதுக் கழிப்பறையை நம்பியிருப்பதாகச் சொல்லப்படுகிறது. ஆகவே வீடு வீடாகப் போவதை நிறுத்திவிட்டு, கழிப்பறை வாசல்களில் இரும்புத் தாங்கி அமைத்து, அறுபது லிட்டர் ட்ரம்மில் குறுகலான குழாய் பொருத்தி வைத்தோம். குழாயின் வாய் சிறியதாக இருந்ததால் ஒரு முறை கழுவக் கால் லிட்டருக்குச் சற்று மேல்தான் செலவாயிற்று. சோப்புக் கட்டி காணாமல் போகாதிருக்க, அதை நைலான் வலைப் பையில் போட்டு ட்ரம்மின் காதில் கட்டித் தொங்கவிட்டோம். அதுவும் போனபோது, துணி துவைக்கும் தூளைப் பாட்டில் தண்ணீரில் கரைத்து, மூடியில் ஊசியால் துளையிட்டு வைத்தோம். கொஞ்சம் தூளிலேயே பலர் கை கழுவலாம். யாரும் அதைத் திருட நினைக்கவில்லை. அந்த ட்ரம்களை நிரப்பத் தண்ணீர் கொடுத்தது, சற்றுத் தள்ளியிருந்த ஒரு கட்டடத்துக் குடியிருப்போர். மாலை ஐந்து மணிக்குத் தங்கள் தோட்டக் குழாயை எங்களுக்காகத் திறந்துவிட்டார்கள். அங்கிருந்து தள்ளுவண்டியில் கொண்டுவந்தோம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பாடம் ஜூலை மாதத்தில் கிடைத்தது. மும்பையின் மூன்று வார்டுகளில் சுமார் ஏழாயிரம் பேரின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வின் முடிவு 2020 ஜூலை 28 அன்று வெளியாயிற்று. நாம் அமர்ந்திருக்கும் இந்த மாட்டுங்காவை உள்ளடக்கிய வார்டும் அவற்றில் ஒன்று. குடிசைப் பகுதிகளில் 57 விழுக்காட்டினருக்கும், மற்ற குடியிருப்புகளில் 16 விழுக்காட்டினருக்கும் நோய் எதிர்ப்பொருள், அதாவது தொற்று வந்துபோனதற்கான அடையாளம், காணப்பட்டது. மக்கள் நெருக்கத்தோடு, கழிப்பறையையும் தண்ணீர்க் குழாயையும் பலர் பகிர்ந்துகொள்வதும் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். பொருட்களைத் தொடுவதைவிட மூச்சுக் காற்றின் வழியாகவே இந்நோய் பெரிதும் பரவுகிறது என்பதும் பின்னர் தெளிவாயிற்று.

அப்போது எங்கள் மனத்தில் அந்த அக்காவின் சந்து வந்து நின்றது. விடியற்காலை நாலரை மணிக்கு ஒரே குழாயடியில் முப்பது பேர், தோளோடு தோள் உரச, ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பார்கள். தண்ணீர் எப்போது நிற்குமோ என்ற பதற்றத்தில் யாரும் விலகி நிற்க முடியாது. நோயிலிருந்து காத்துக்கொள்ளத் தேவையான தண்ணீரைப் பிடிக்கப் போகும் இடமே நோய் பரவ வாய்ப்பான இடமாக இருந்தது. சோப்பு விநியோகத்தால் இதைத் தொடக்கூட முடியாது. தண்ணீரை வீட்டுக்கு அருகில், நிச்சயமான நேரத்தில் கொண்டுவந்தால்தான் முடியும். அன்றிலிருந்து எங்கள் பணத்தில் பெரும்பகுதியை நீளமான குழாய்களுக்கும், இணைப்புகளைப் பழுதுபார்ப்பதற்கும், விண்ணப்பங்களுக்கும் செலவிட்டோம். எந்த வீட்டுக்கு எந்தப் பத்து நிமிடம் என்று சந்தின் பெண்களே பேசி முடிவுசெய்து, குழாயடிச் சுவரில் சாக்குக்கட்டியால் எழுதினார்கள். வரிசை முப்பதிலிருந்து ஐந்தாறு பேராகக் குறைந்தது.

தண்ணீரின் தரத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். தானசா, பாட்சா முதலிய ஏழு ஏரிகளிலிருந்து வரும் நீர் பாண்டுப் போன்ற சுத்திகரிப்பு நிலையங்களைத் தாண்டும்போது நன்றாகவே இருக்கிறது. ஆனால் சந்துகளில் பைப்புகள் சாக்கடைக்குள்ளேயே ஓடுகின்றன. தண்ணீர் நின்றுபோன நேரத்தில் பைப்பில் அழுத்தம் இருக்காது. அதிலும் யாராவது மோட்டார் வைத்து உறிஞ்சினால், விரிசல் வழியாகச் சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படும். ஆகவே ட்ரம்மில் பிடித்த நீரில் கிருமியைக் கொல்லப் பிளீச்சிங் பவுடர் கலந்து, பிறகு அதில் கொஞ்சம் எடுத்துச் சோதனைத் திரவம் விட்டு மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்ப்போம். மஞ்சள் வந்தால் கிருமியைக் கொல்லும் குளோரின் நீரில் மிச்சம் இருக்கிறது என்று பொருள். ஒரு வாரம் எந்த ட்ரம்மிலும் நிறம் வரவே இல்லை. காரணம், நாங்கள் மழைக்கு ஒதுக்குப்புறமாக வைத்திருந்த பிளீச்சிங் பவுடர் மூட்டையில் ஈரம் ஏறி, அதன் வீரியம் போயிருந்தது. அந்த ஒரு வாரமும் குழந்தைகள் அந்த நீரைத்தான் குடித்தார்கள். இதை நினைக்கும்போது இன்றும் எனக்கு மனம் பதறுகிறது.

வெயில் காலத்தில் தண்ணீர்ப் பந்தல் வைப்பது நம் வழக்கம். அந்த வழக்கத்தில் நான் வளர்ந்தவன், அதை மதிப்பவன். ஆனால் பந்தலில் ஒருவர் ஊற்ற, மற்றவர் கை ஏந்திக் குடிக்கிறார். 1927 மார்ச் 20 அன்று இதே மாநிலத்தின் மகாடில், டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து சென்று, தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டோருக்கு மறுக்கப்பட்டிருந்த சவதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். அவர் யாரிடமும் ஊற்றச் சொல்லிக் கேட்கவில்லை. தாராவித் தமிழர்களில் பலரின் முன்னோர் ஊர்க் கிணற்றில் இறங்க முடியாமல் இருந்தவர்கள் என்பதை இந்த அவையில் நான் விளக்கத் தேவையில்லை. 2014 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம், குடியிருப்பு அனுமதி பெற்றதா இல்லையா என்பதைக் காரணம் காட்டித் தண்ணீரை மறுக்க முடியாது, அது வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. எனவே நாங்கள் கொண்டுபோன தண்ணீரை நன்கொடை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. வர வேண்டியது வரும் வரை கொடுத்த கைமாற்று அது.

நாங்கள் வைத்த பதினொரு ட்ரம்களில் நான்கு இன்றும் இருக்கின்றன. அந்த அக்காவின் சந்துக்குத் தனி இணைப்புக் கேட்டுக் கொடுத்த விண்ணப்பம் இன்னும் நிலுவையில் உள்ளது. மராத்தியில் விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்கள், குழாய் வேலை அறிந்தவர்கள் இந்த அவையில் இருந்தால், வரும் ஞாயிற்றுக்கிழமை காலை எங்களோடு வாருங்கள். ஆனால் நாலரை மணிக்கே வர வேண்டும். தண்ணீர் அப்போதுதான் வரும்.