ஏப்ரல் முதல் மார்ச் வரை: ஏற்காட்டுத் தோட்டக் கணக்கு, எச்லெட்ஜரில்

வணக்கம் நண்பர்களே. பின்னால் அடுக்கியிருக்கும் சாக்குகளைப் பார்த்துவிட்டு, காபி ருசி பார்க்கப் போகிறான் என்று வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். இன்றைக்குக் கணக்குதான்.

ஏற்காட்டில் எங்கள் குடும்பத்துக்குச் சிறிய காபித் தோட்டம் ஒன்று இருக்கிறது. அதன் வரவு செலவை எச்லெட்ஜர் என்ற கணக்கு மென்பொருளில் எழுதுகிறேன். தேதி, விவரம், கணக்கின் பெயர், தொகை, அவ்வளவுதான். எந்தக் கணினியிலும் திறக்கும் சாதாரண எழுத்துக் கோப்பு. ஜான் வீக்லி 2003இல் வெளியிட்ட லெட்ஜர் என்ற மென்பொருளின் வழியில், சைமன் மைக்கேல் 2007இல் தொடங்கிய மென்பொருள் இது. நான் பயன்படுத்தும் வடிவில் பொத்தான் எதுவும் கிடையாது, கட்டளையைத் தட்ட வேண்டும்.

ஆண்டுவாரியாகக் காட்டு என்று மட்டும் கேட்டால் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் வெட்டிவிடும். சேர்வராயன் மலையில் அந்த வெட்டு சரியாகப் பறிப்பின் நடுவில் விழுகிறது. நவம்பரில் சூடு பிடிக்கும் பழம் பறிப்பு பொங்கல் தாண்டியும் ஓடும். அப்புறம் களத்தில் காயவைத்து, அதற்குப் பிறகுதான் விற்பனை. ஆகவே ஜனவரி–டிசம்பர் கணக்கில் போன வெள்ளாமையின் பணமும் அடுத்த வெள்ளாமையின் பறிப்புக் கூலியும் ஒரே ஆண்டில் வந்து உட்காரும். அந்த லாபம் எந்த மகசூலின் லாபம்? யாராலும் சொல்ல முடியாது. ஏப்ரல் கணக்கை வரிக்காரர்களுக்கான தொல்லை என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். காபிக்காரனுக்கு அதைவிடப் பொருத்தமான ஆண்டு கிடையாது.

இப்போது திரையைப் பாருங்கள். வருமான அறிக்கைக்குத் தொடக்கத் தேதி 2024-04-01, முடிவுத் தேதி 2025-04-01. மார்ச் 31 அல்ல! எச்லெட்ஜரில் முடிவுத் தேதி கணக்கில் சேராது, அதற்கு முந்தைய நாளோடு நின்றுவிடும். 31 என்று தட்டினால் அந்த ஒரு நாளின் பதிவுகள் சத்தமில்லாமல் காணாமல் போகும். பாக்கியெல்லாம் அடித்துப் பிடித்து முடிக்கிற நாளே அதுதான். பிழைச் செய்தியும் வராது.

மார்ச்சில் மூட்டை போய், ஏப்ரலில் பணம் வந்தால்? விற்ற தேதியிலேயே வருமானத்தை எழுதி, எதிரில் வியாபாரியின் பெயரில் 'வரவேண்டியது' என்று வையுங்கள். பணம் வந்ததும் அதைக் கழித்தால் போதும். விற்பனை அதன் ஆண்டிலேயே நிற்கும்.

காலாண்டு அறிக்கையில் நமக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். ஏப்ரல் 1 எப்படியும் ஒரு காலாண்டின் முதல் நாள், அதனால் எல்லைகள் பிசகாது. ஆனால் ஏப்ரல்–ஜூன் பத்தியின் தலைப்பில் இரண்டாம் காலாண்டு என்றே போடும். ஆடிட்டருக்கு அது முதல் காலாண்டு. அனுப்பும் முன் தலைப்பைத் திருத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அரைமணி நேரத் தொலைபேசி உரையாடல் உறுதி. சொத்தும் கடனும் காட்டும் ஐந்தொகைக்கு இந்தக் கவலை வேண்டாம். தொடக்கத் தேதி கொடுத்தாலும் பழைய இருப்பைச் சேர்த்தே காட்டும்.

கணக்குப் பெயர்களைத் தமிழில் எழுதலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக எழுதலாம், நானும் அப்படித்தான் எழுதுகிறேன். ஆங்கிலப் பெயர் என்றால் இது சொத்து, இது செலவு என்று தானே ஊகித்துக்கொள்ளும். தமிழ்ப் பெயருக்குக் கோப்பின் தலையில் வகையை அறிவிக்க வேண்டும். இல்லையென்றால் வருமான அறிக்கை வெறுமையாக வரும். பெயருக்கும் தொகைக்கும் நடுவே இரண்டு இடைவெளி விடுங்கள். ஒன்று விட்டால் தொகையும் பெயரோடு ஒட்டிவிடும். கோப்பின் தலையிலேயே ரூபாய்க்கு மாதிரியாக 9,99,99,999.00 என்று ஒரு வரி எழுதினால் லட்சம், கோடி முறையில் காற்புள்ளி விழும்.

இதேபோன்ற பீன்கவுண்ட் என்ற மென்பொருளில் எழுதி, அதை உலாவியில் காட்டும் ஃபாவாவில் பார்ப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். நிதியாண்டு முடிவு என்றே ஓர் அமைப்பு இருக்கிறது. 03-31 என்று கொடுத்தால் 2024–25ஐ 2025 என்று அழைக்கும். 2024 என்றே அழைக்க வேண்டுமா? 15-31 என்று கொடுங்கள். ஆமாம், பதினைந்தாம் மாதம்! அடுத்த ஆண்டின் மார்ச் என்று அது புரிந்துகொள்ளும்.